ஏழு நிமிடப் படத்துக்குள் ஓர் அரசியல் பாடம்

ஒரகடத்து ஆலையில் ஷிப்டு நடுவே டீ குடித்து முடிப்பதற்குள் பார்த்துவிடக்கூடிய கார்ட்டூன் படம் அது. பெயர் ‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’. 1974இல் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்தது. சுமார் ஏழு நிமிடம் ஓடும். தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தி தெரியாவிட்டாலும் கதை புரிந்தது. இரை பொறுக்க வந்த பறவைகள் வேடன் வலையில் சிக்குகின்றன. எல்லாம் சேர்ந்து சிறகடித்து வலையோடு பறக்கின்றன. எலிகள் வலையைக் கடித்து அறுக்கின்றன.

திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள் ஓடும். ஏழு நிமிடத்துக்குப் பத்தாயிரம் ஆகிறது. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்தும் வழக்கமான முறையில் கணக்கிட்டாலும் ஐயாயிரம் ஓவியங்கள். கணினி எட்டிப்பார்க்காத காலம்! இயக்கியவர் விஜயா முலே. பறவைகளுக்கு அசைவு கொடுத்தவர் பீம்சேன்.

கதையோ மிகப் பழையது, பஞ்சதந்திரத்தில் வருவது. பஞ்சதந்திரம் அரசகுமாரர்களுக்கு ஆட்சி நடத்தக் கற்பிக்க எழுந்த நூல். அங்கே புறாக்களுக்கு ஒரு ராஜா உண்டு, சித்திரகிரீவன். சேர்ந்து பறக்கச் சொல்பவன் அவன்தான். எலி அவனுடைய கட்டை அறுக்க வரும்போது, ‘முதலில் என்னைச் சேர்ந்தவர்களை விடுவி’ என்கிறான். தலைவனுக்கான இலக்கணம் அது.

1974இன் படத்தில் ராஜா இல்லை. கூட்டத்தில் ஒன்றாக இருக்கும் ஒரு கெட்டிக்காரப் பறவை யோசனை சொல்கிறது, மற்றவை பறக்கின்றன. முடியாட்சிக் கதை ஓசையில்லாமல் குடியரசுக் கதையாகிவிட்டது. இந்தப் படத்தில் என்னை அதிகம் மயக்குவது இந்த மாற்றம்தான்.

பௌத்த ஜாதகக் கதையில் இதே வலையில் சிக்குபவை காடைகள். தினமும் வலையைத் தூக்கிக்கொண்டுபோய் முட்புதர்மேல் போட்டுவிட்டுத் தப்புகின்றன. வேடன் பதறவில்லை, சண்டை வரும்வரை காத்திருக்கிறான். ஒரு காடை இன்னொன்றின் தலையை மிதிக்க, சண்டை மூள்கிறது. அடுத்த முறை வலை விழுந்ததும் ‘நீ தூக்கு, நீ தூக்கு’ என்று ஏட்டிக்குப் போட்டி. அத்தனையும் கூடைக்குள் போகின்றன.

அரசு இந்தப் படத்தை எடுத்தது தேச ஒற்றுமைக்காக. ஆனால் அதே 1974 மே மாதத்தில் லட்சக்கணக்கான ரயில்வே தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய 20 நாள் வேலைநிறுத்தத்தை அதே அரசு கைதுகளால் முறித்தது. பிள்ளைகளுக்கு மெச்சிக் காட்டிய ஒற்றுமையைப் பெரியவர்களிடம் கண்டபோது அரசு அஞ்சியது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தமிழ், ஒடியா, இந்தி பேசுவோர் ஒரே தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். நிரந்தரம், ஒப்பந்தம், பயிற்சி என்ற பிரிவுகள் வேறு. காடைகளின் கதை இங்கே வெறும் நீதிக்கதையாகத் தோன்றவில்லை. இதே வட்டாரத்தில், 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சங்க அங்கீகாரமும் ஊதிய உயர்வும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். 37 நாள் நின்றார்கள்.

பறவைகளால் வலையைத் தூக்க முடியும், அறுக்க முடியாது. அதற்கு அலகு போதாது, பல் வேண்டும். அதனால்தான் கதைக்கு வேறு இனத்து நண்பன் தேவைப்படுகிறான். சுங்குவார்சத்திரத்தில் அந்த வேலையைச் செய்தவை சிஐடியு தொழிற்சங்கம், அமைச்சர்கள் நடத்திய பேச்சுவார்த்தை, உயர் நீதிமன்ற வழக்கு. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.