அமெரிக்க அரசு ஆவணங்களும் அடிமைக் குடும்ப வரலாறும்

அரசியல் வரலாற்றையும் போர் வரலாற்றையும் அரசாங்க ஆவணங்களின் துணைகொண்டு எழுதலாகும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. உடன்படிக்கைகளும் சட்டங்களும் தூதுவர் முடங்கல்களும் படைத்தலைவர் அறிக்கைகளும் அதன் பொருட்டே எழுந்தன போலக் காணப்படுகின்றன. ஆனால், ஓர் அரசாங்கம் எவரை மக்களாக மதியாது பிறர் உடைமையாக எண்ணிற்றோ, அவர்தம் வாழ்க்கையை அவ்வரசாங்கத்தின் ஏடுகளே நமக்கு உணர்த்துமோ என்பது வேறு வினா. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமைகளாக வாழ்ந்த கறுப்பின மக்களின் குடும்ப வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம். அவ்வாழ்க்கை எத்தகையது என்பது பற்றி இருபதாம் நூற்றாண்டில் கடும் பூசல் எழுந்தமையும், அதனைத் தீர்த்தற்குப் பெருந்துணை புரிந்தவை பழைய அலுவலகக் கோப்புகளே என்பதும் கருதத்தக்கன.

ஆவணங்களைப் பேணும் வழக்கம் அந்நாட்டில் காலந் தாழ்ந்தே வேரூன்றியது. பொது ஆவணக் களரி ஒன்று இன்மையால், ஒவ்வொரு துறையும் தன் பழந்தாள்களைத் தனக்கு வாய்த்த நிலவறையிலும் மேல்தளத்திலும் அடுக்கி வைத்தது. 1921 சனவரி 10ஆம் நாள் வாசிங்டன் நகரில் வணிகத்துறைக் கட்டடத்தில் தீப்பற்றியது. 1890ஆம் ஆண்டுக் குடிமதிப்பேடுகள் காப்பறைக்கு வெளியே கிடந்தன. அவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எரிந்தது. எஞ்சியவற்றுள் பெரும்பகுதியைப் புகையும், தீயணைக்கப் பாய்ச்சிய நீரும் கெடுத்தன. கெட்டவற்றைச் செப்பஞ் செய்வாரின்றிப் பல்லாண்டுகள் கிடந்தபின், அவற்றை அழித்துவிடக் காங்கிரசு 1933 பிப்ரவரி 21இல் இசைவளித்தது. அதற்கு முதல் நாள்தான் தேசிய ஆவணக் களரிக்குரிய கட்டடத்திற்குக் குடியரசுத் தலைவர் ஊவர் அடிக்கல் நாட்டியிருந்தார். அக்களரியை நிறுவும் சட்டம் 1934 சூன் 19இல் நிறைவேறிற்று. ஆறு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களைக் கணக்கிட்ட அக்குடிமதிப்பில் இன்று நமக்குப் பெயர் தெரிபவர் ஏறத்தாழ 6,160 பேர் மட்டுமே. விடுதலைக்குப் பின் பிறந்த முதல் தலைமுறை வளர்ந்து தனிமனை அமைத்த காலத்தைக் காட்டியிருக்க வேண்டிய ஏடு அது. அதன் இழப்பை ஈடுசெய்ய வேறொன்றில்லை.

இனி, அடிமை முறை நிலவிய காலத்து ஏடுகளை நோக்குவோம். 1850இலும் 1860இலும் எடுக்கப்பெற்ற குடிமதிப்புகளில் அடிமைகட்கெனத் தனிப் பட்டியல்கள் வகுக்கப்பட்டன. அவற்றில் ஆண்டையின் பெயர் உண்டு. அப்பெயரின் கீழ் ஒவ்வோர் அடிமையின் அகவையும் பாலும் நிறமும் உண்டு. தப்பியோடியவரா, விடுவிக்கப்பட்டவரா என்னும் கட்டங்களும் உண்டு. பெயர் மட்டும் இல்லை. 1850ஆம் ஆண்டிற்குரிய வரைவில் அடிமைகளின் பெயரையும் வினவுதல் வேண்டும் என்றே முதலில் குறிக்கப்பட்டிருந்தது. மேலவையில் தென்னாட்டு உறுப்பினர் அதனை எதிர்த்தனர். பெயர் நின்ற இடத்தில் எண் நின்றது. ஆகவே பெயரின்மை எழுத்தரின் சோம்பலால் நேர்ந்ததன்று, மன்றத்தில் எண்ணித் துணிந்த முடிபு அது என்பதை மேலவை நிகழ்ச்சிக் குறிப்புகளே காட்டுகின்றன. ஆவணத்தில் உள்ளதைக் கற்பதனோடு, இல்லாதது ஏன் இல்லையாயிற்று என்பதனையும் பிறிதோர் ஆவணத்தைக் கொண்டு கற்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 1860இல் அடிமைகளாயிருந்தோர் 39,53,760 பேர். அவருள் மிகப் பெரும்பாலோர் தம் பெயருடன் குடிமதிப்பில் முதன்முதல் இடம்பெறுவது 1870இலேதான். தம் முன்னோரைத் தேடிச் செல்லும் கறுப்பினத்தார் அவ்வாண்டினை ஒரு சுவர் என்றே கூறுவர்.

சுவருக்கு அப்பால் நிகழ்ந்தது யாது? அடிமைகளின் திருமணத்தைத் தென்னாட்டுச் சட்டம் திருமணமாகக் கொள்ளவில்லை. கணவனை ஓரூரிலும் மனைவியைப் பிறிதோரூரிலும் விற்பதற்குத் தடையில்லை. இதனைக் கொண்டு, அடிமை முறை கறுப்பினத்தாரின் குடும்ப அமைப்பையே சிதைத்துவிட்டது, தாயைச் சார்ந்த நிலையற்ற இல்லமே எஞ்சியது என்னும் கருத்து வலுப்பெற்றது. சமூகவியலறிஞர் பிராங்கிளின் பிரேசியர் 1939இல் வெளியிட்ட நூல் இதற்குத் துணைநின்றது. 1965இல் தொழில்துறைத் துணைச்செயலர் டேனியல் மொய்னிகன் அளித்த அறிக்கை அதனை அடியாகக் கொண்டு, அக்காலத்துக் கறுப்பினக் குடும்பங்களின் வறுமைக்குரிய வேர்களுள் ஒன்றை அடிமைக் காலத்திலேயே கண்டது. பூசல் எழுந்தது. அதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. உயிரோடிருந்த ஒரு மக்களினத்தின் மதிப்பும், அவர்பொருட்டு அரசாங்கம் வகுக்கவிருந்த நெறியும் அதனைச் சார்ந்திருந்தன.

இந்நிலையில் ஆராய்ச்சியாளர் நாடிய ஏடுகளுள் முதன்மையானவை விடுதலை பெற்றோர் நலத்துறையினுடையவை. 1865 மார்ச்சு 3இல் தோன்றி 1872 வரை இயங்கிய அத்துறைக்குத் தலைவராயிருந்தவர் படைத்தலைவர் ஆலிவர் ஓட்டிசு அவர்டு. உணவு வழங்கல், கூலி ஒப்பந்தங்களை மேற்பார்த்தல், பள்ளி நிறுவல் எனப் பல பணிகளோடு, முன்பே கூடி வாழ்ந்தோரின் திருமணத்தைப் பதிவு செய்தலும் அதன் கடனாயிற்று. மிசிசிப்பி ஆற்றங்கரைப் பகுதியில் படையலுவலர் 1864இலேயே இப்பதிவைத் தொடங்கியிருந்தனர். அப்பதிவேட்டின் கட்டங்களைக் கவனித்தல் வேண்டும்: மணமக்களின் அகவை, நிறம், தந்தையின் நிறம், தாயின் நிறம், முன்பு வேறொருவருடன் எத்தனை ஆண்டு வாழ்ந்தார், எதனால் பிரிந்தார், பிறந்த மக்கள் எத்துணையர். ‘எதனால் பிரிந்தார்’ என்னும் சிறு கட்டத்தில் எழுத்தர் சாவு என்றோ, விருப்பம் என்றோ, வன்முறை என்றோ ஒரு சொல் எழுதிச் சென்றார். எவருடைய வாழ்க்கை வரலாற்று நூலும் எட்டாத செய்தி அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது.

மிசிசிப்பி, டென்னசி, லூசியானா ஆகிய மூன்று மாநிலங்களுக்குரிய இப்பதிவுகளில் 2,888 மணங்களைக் கணக்கிட்ட சான் பிளாசிங்கேம், அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆண்டைகளால் முறிக்கப்பட்டன என 1972இல் காட்டினார். 1976இல் தம் பெருநூலை வெளியிட்ட எர்பர்ட்டு கட்மன், இத்தகைய பதிவேடுகளோடு வட கரோலினாவின் மாவட்டப் பதிவுகளையும் தோட்டங்களின் பிறப்புக் குறிப்புகளையும் ஒப்பிட்டு, இருபதாண்டுக்கு மேலும் பிரியாது வாழ்ந்த இணைகள் மிகப் பல எனவும், தந்தையின் பெயரையும் பாட்டனின் பெயரையும் பிள்ளைக்கு இடும் வழக்கம் தலைமுறைதோறும் தொடர்ந்தது எனவும் நிறுவினார். இவ்விரு முடிபுகளும் தம்முள் மாறுபடுவன போலத் தோன்றும். உண்மையில் ஒன்றையொன்று நிறைவு செய்வனவே. சட்டம் காவாத மணத்தை மக்கள் தாமே காத்தனர். காத்தும், மூன்றிலொன்றைப் பிறர் முறித்தனர். எனினும் ஒரு தடையுண்டு. இப்பதிவேட்டில் இடம்பெற்றோர் மறுபடியும் இணைந்தோரும் இணைந்திருந்தோருமே. துணையைத் தேடியும் காணாது தனித்து நின்றவர் பதிவு செய்ய வந்திலர். ஆதலின் முறிந்த மணங்களின் உண்மைத் தொகை இதனினும் மிகுதியாதல் கூடும் என்பது எமது கருத்து.

இவற்றினும் வளம் மிக்கன படைவீரர் ஓய்வூதியக் கோப்புகள். உள்நாட்டுப் போரில் வடவர் படையில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பினத்தார் பணியாற்றினர். 1862ஆம் ஆண்டுச் சட்டம் இறந்த வீரனின் மனைவிக்குத் திங்களுக்கு 8 டாலர் வழங்கிற்று. ஆனால் மணச்சான்று வேண்டும் என்றது. அடிமையாயிருந்தவளுக்குச் சான்று ஏது? 1864 ஏப்ரலில் பில்லோக் கோட்டையில் கறுப்பின வீரர் பலர் கொன்று குவிக்கப்பட்டனர். அங்கு வீழ்ந்த வெள்ளைப் படைத்தலைவர் ஒருவரின் மனைவி குடியரசுத் தலைவர் இலிங்கனைக் கண்டு, மாண்ட கறுப்பின வீரரின் மனைவியர் நிலையை எடுத்துரைத்தார். இலிங்கன் அவரை மேலவை உறுப்பினர் சம்னரிடம் ஒரு முடங்கலோடு அனுப்பினார். அவ்வாண்டு சூலைச் சட்டம், கணவன் மனைவியாக ஈராண்டு கூடி வாழ்ந்ததை நம்பத்தக்க சான்றாளர் உறுதி கூறினால் போதும் என்றது. சான்றிதழ் இருந்திருப்பின் கோப்பில் ஒரு தாள் சேர்ந்திருக்கும். அஃது இன்மையால், உடனிருந்த அடிமைகள், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி, ஒரே குடிசையில் வாழ்ந்த உறவினர், சிலபோது பழைய ஆண்டையே கூட, ஒருவர்பின் ஒருவராக வாக்குமூலம் அளித்தனர். ஐயம் எழுந்தால் ஓய்வூதியத் துறையின் தனியாய்வாளர் ஊருக்கே சென்று அனைவரையும் வினவி எழுதினார். யார் மணத்தை நடத்தினார், விருந்து நடந்ததா, எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்திற்கு விற்கப்பட்டார், பிள்ளைகள் எவர் எவர் என்னும் வினாக்களுக்கு விடை நூறு பக்கம் நீண்ட கோப்புகளும் உள. சட்டம் ஐயுற்றமையே வரலாற்றுக்கு ஊதியமாயிற்று.

ஓர் எடுத்துக்காட்டு. அடிமைகள் பலரை மீட்டவரும் போர்க்காலத்தில் ஒற்றராகவும் செவிலியாகவும் பணிபுரிந்தவருமான ஏரியட் டப்மனின் கணவர் நெல்சன் டேவிசு 1888இல் இறந்தார். கைம்பெண் ஓய்வூதியத்திற்கு டப்மன் விண்ணப்பித்தபோது, நெல்சன் சார்லசு என்னும் பெயரோடு படையில் சேர்ந்தவரும் தம் கணவரும் ஒருவரே என்பதையும், தம் முதற்கணவர் இறந்துவிட்டார் என்பதையும் சான்றாளர் வாயிலாக நிறுவ வேண்டியிருந்தது. 1895இல் திங்களுக்கு 8 டாலர் கிடைத்தது. தம் போர்ப்பணிக்கென 1,800 டாலர் கோரி அவர் அளித்த வாக்குமூலம் காங்கிரசு ஆவணங்களுள் இன்றும் உள்ளது. 1899இல் ஒரு தனிச் சட்டம் அவர் ஊதியத்தை 20 டாலராக உயர்த்திற்று. கூடிய பன்னிரண்டும் செவிலிப் பணிக்கே உரியது. அவர் ஒற்றராய் உழைத்ததற்கு அரசாங்கம் ஓய்வூதியம் தரவில்லை என்பதை அவ்வரசாங்கத்தின் கோப்பிலேயே நாம் படிக்கின்றோம்.

பொருளுடைமை பற்றிய வேறொரு தொகுதியையும் சுட்டுதல் வேண்டும். வடவர் படை தென்னாட்டில் எடுத்துக்கொண்ட குதிரை, பன்றி, தவசம் முதலியவற்றிற்கு, ஒன்றியத்தின்பால் பற்று மாறாதிருந்தோர் ஈடு பெறலாம் என 1871இல் குழுவொன்று அமைந்தது. 1880 வரை அது 22,298 கோரிக்கைகளை ஆராய்ந்தது. கேட்ட தொகை ஏறத்தாழ ஆறு கோடி டாலர்; கொடுத்தது நாற்பத்தாறு இலட்சம் அளவே. கோரியவருள் முன்னாள் அடிமைகளும் இருந்தனர். தானே பிறர் உடைமையாயிருந்தவன் உடைமை வைத்திருந்தது எங்ஙனம் என ஆய்வாளர் வினவ, ஆண்டைக்குரிய நாள்வேலையை முடித்தபின் தமக்கெனப் பயிரிட்டதையும், கோழியும் பன்றியும் வளர்த்து விற்றுக் குதிரை வாங்கியதையும் அவர்கள் விரித்துரைத்தனர். சியார்சியா மாநிலத்து இலிபர்ட்டி மாவட்டக் கோப்புகள் இதற்குப் பெயர் பெற்றவை. உறவும் உடைமையும் அடிமைகளிடையே பின்னிக் கிடந்ததை தைலன் பென்னிங்ரோத்து 2003இல் வெளியிட்ட நூலிற் காணலாம்.

இவ்வாவணங்களை அப்படியே நம்புதல் தகுமோ எனின், தகாது. பேசியவர் கறுப்பினத்தார், எழுதியவர் பெரும்பாலும் வெள்ளையர். பேச்சு எழுத்தரின் நடைக்கு மாறிற்று. பணம் வேண்டி வந்தவர் சட்டம் கேட்டதைச் சொல்லவே முயல்வர். ஈராண்டு வேண்டும் எனின் ஈராண்டே வரும். ஒருவரே ஆண்டையின் பெயரொடு ஓரிடத்தும், தந்தையின் பெயரொடு வேறிடத்தும் காணப்படுவர். ஆதலின் ஒரு கோப்பை மற்றொரு தொகுதியோடு, அதாவது 1870 குடிமதிப்போடும் திருமணப் பதிவேட்டோடும் விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியின் கணக்கேடுகளோடும், ஒத்து நோக்கியே முடிவு கூறுதல் வேண்டும். கல்வெட்டாராய்ச்சி பயின்றார்க்கு இது புதிதன்று. அவ்வங்கி 1874இல் முறிந்து, ஏழைகள் பலரின் சேமிப்பு அழிந்தது. ஆனால் கணக்குத் தொடங்க வந்தவரிடம் பெற்றோர், உடன்பிறந்தார், பழைய ஆண்டை ஆகியோர் பெயரைக் கேட்டு எழுதிய ஏடுகள் பல எஞ்சின.

எவற்றைப் பேணுவது என்னும் வினா இங்கு எழுகின்றது. அரசாங்கம் எழுதுவனவற்றுள் நிலையாகப் பேணப்படுவது நூற்றுக்கு மூன்றளவே. தேசிய ஆவணக் களரியில் பணியாற்றிய தியோடர் செல்லன்பர்க்கு 1956இல் எழுதிய நூலில், ஓர் அலுவலகம் எங்ஙனம் இயங்கிற்று என்பதைக் காட்டும் சான்று மதிப்பு வேறு, மக்களையும் பொருள்களையும் பற்றி அறிவிக்கும் செய்தி மதிப்பு வேறு எனப் பிரித்தார். ஓய்வூதியக் கோப்பினை முதல் மதிப்பால் மட்டும் அளந்திருப்பின், சில மாதிரிகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்திருக்கலாம். 1973 சூலையில் செயின்ட் லூயி நகரக் களரியில் எழுந்த தீயில் ஒரு கோடியே அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட பிற்காலப் படைவீரர் கோப்புகள் அழிந்தமையால், அவ்வீரர்க்கு உரிய சலுகைகளை நிறுவுதற்கே வேறு துறைகளின் ஏடுகளைத் துழாவ வேண்டியதாயிற்று.

விடுதலை பெற்றோர் நலத்துறையின் ஏடுகளைக் காக்கக் காங்கிரசு 2000இல் தனிச் சட்டம் இயற்றியது. ஏடுகள் நுண்படமாக்கப்பெற்றன. 2015 சூனில் தொடங்கிய தொண்டர் பணியால் ஓராண்டளவில் ஏறத்தாழ 18 இலட்சம் பெயர்கள் அகரவரிசை பெற்றன. ஆயின் அவ்வடைவு தருவது பெயரும் ஏட்டின் இடமுமே. பிரிவுக்குரிய காரணத்தை எழுத்தர் எச்சொல்லால் குறித்தார் என்பதை அறிய விழைவார், ஏட்டின் பக்கத்தையே திறந்து பார்த்தல் வேண்டும்.