ராஜா ஜீப்புக்கும் பரீட்சை உண்டு!

விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. பெரிய ஜீப் ஒன்று வாங்கவேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை.

புதிது வாங்கினால் கோடிக்கு மேல் ஆகும். பழையது ஒன்று விலைக்கு வருகிறது. பாதியில் பாதி விலைகூட இல்லை!

வண்டி பளபளவென்று நிற்கிறது. உள்ளே தோல் மெத்தை. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுவதுபோல 'தொப்' என்று சத்தம். பிறகு ஏன் இவ்வளவு மலிவு?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, சில நாடுகளில் ஆண்டுக்கு ஒரு பரீட்சை இருக்கிறது. ஆனால் எல்லாக் கேள்விகளையும் அந்தப் பரீட்சை கேட்பதில்லை. அங்கேதான் இருக்கிறது வம்பு!

சேற்றில் பிறந்த சீமான்

அந்த ஜீப்பின் பெயர் ரேஞ்ச் ரோவர்.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு. அவன் பெயர் லேண்ட் ரோவர். 1948-ல் வெளிவந்தான். வயலில் உழைக்கப் பிறந்த வண்டி அது. தகரக் கொட்டகையில் சக்கரம் வைத்ததுபோல இருக்கும்.

1970-ல் தம்பி பிறந்தான். சேற்றிலும் போகலாம்; கல்யாணத்துக்கும் போகலாம் என்று செய்த வண்டி ரேஞ்ச் ரோவர். இங்கிலாந்து ராணி எலிசபெத், இந்த வகை வண்டிகளைத் தாமே ஓட்டினார். 2008-ல் இந்தக் கம்பெனியையே நம் நாட்டு டாட்டா கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது!

தோற்ற கார்கள்

இங்கிலாந்தில் 1960-ல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்து வயது ஆன கார்கள் எல்லாம் ஆண்டுதோறும் பரீட்சைக்கு வரவேண்டும் என்றார்கள். பிரேக், விளக்கு, ஸ்டீரிங் மூன்றையும் பார்த்தார்கள்.

எதிர்பார்த்ததைவிட அதிகமான கார்கள் தோற்றுப் போயின! உடனே, பத்து வயதை ஏழாகக் குறைத்தார்கள். 1967-ல் மூன்று வயது ஆக்கினார்கள். அதற்கு 'எம்.ஓ.டி.' பரீட்சை என்று பெயர்.

இப்போது டயர், ஸ்பிரிங், புகை, துரு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். டயரில் 1.6 மில்லி மீட்டர் பள்ளம் இருக்கவேண்டும். நம் நாட்டுச் சட்டத்திலும் காருக்கு அதே 1.6 தான்!

இந்தப் பரீட்சையில் ஒரு நல்ல காரியம் உண்டு. மதிப்பெண்ணை மூடி வைப்பதில்லை. வண்டியின் நம்பரைக் கொடுத்தால் போதும். எந்த ஆண்டு ஜெயித்தது, எந்த ஆண்டு எதில் தோற்றது, அன்றைக்கு எத்தனை மைல் ஓடியிருந்தது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காசு கிடையாது. மைல் காட்டும் முள்ளைத் திருப்பி வைத்து ஏமாற்றுகிறவன் அங்கே அகப்பட்டுக்கொள்வான்.

அதைப் படிப்பதற்கும் பழக்கம் வேண்டும். விளக்கு எரியவில்லை என்று ஒரு வண்டி தோற்றிருந்தால் பயப்பட வேண்டாம். பல்பு மாற்றினால் தீர்ந்தது. ஆனால் 'டயரின் உள்பக்கம் தேய்ந்திருக்கிறது' என்று மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதியிருந்தால் உஷார்! டயர் புதிதாக மாறினாலும், அதைத் தேய்க்கிற கோளாறு அடியில் அப்படியே இருக்கிறது.

கேட்காத கேள்வி

என்ஜின் நன்றாக இருக்கிறதா? கியர் பெட்டி, கிளட்ச் நன்றாக இருக்கின்றனவா? இதை எம்.ஓ.டி. பார்ப்பதே இல்லை!

பரீட்சையில் ஜெயித்த வண்டி, மறு வாரமே கியர் உடைந்து நடுத்தெருவில் நிற்கலாம். பரீட்சை வைத்தவரைக் குறை சொல்ல முடியாது. 'இந்த வண்டியால் மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டா?' என்பதே அவர் பார்ப்பது. 'வாங்கியவர் பர்சுக்கு ஆபத்து உண்டா?' என்பது அவர் வேலை அல்ல.

ரேஞ்ச் ரோவரின் பெரிய செலவு ஒன்று இந்த இடைவெளியில் ஒளிந்துகொள்ளும். 1990-க்குப் பிறகு வந்த பல வண்டிகளில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு ரப்பர் பைகள். ஒரு சிறு பம்பு காற்றை அடைத்துக்கொண்டே இருக்கும். சவாரி, தொட்டில் போல இருக்கும்.

ரப்பருக்கும் வயது உண்டே! வெடிப்பு விழும். மெதுவாகக் காற்று இறங்கும். என்ஜின் ஓடும்போது பம்பு அதை ஈடு கட்டிவிடும். ஆகவே ஒன்றும் தெரியாது. பம்பு ஓய்வில்லாமல் ஓடி ஓடிக் கருகுகிற வரை தெரியாது!

விருதுநகர் வெயிலைச் சொல்லவும் வேண்டுமா? ரப்பருக்கு வெயில் எமன்.

பிரேக் இன்ஸ்பெக்டர்

நம் ஊரில் இந்தப் பரீட்சைக்கு 'எப்.சி.' என்று பெயர். மோட்டார் வாகன ஆய்வாளரை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

லாரி, பஸ், வேன் போன்ற வாடகை வண்டிகளுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எப்.சி. அதற்குமேல் ஆண்டுதோறும். சொந்தக் காருக்கு அப்படி இல்லை. வாங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுகள் கேட்பாரில்லை! அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போதுதான் பரீட்சை.

20 வயதைத் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க, 2025-ல் உயர்த்திய கட்டணம் 10,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான காராக இருந்தால் 80,000 ரூபாய்! மலிவு என்று வாங்கிய ஜீப், இப்படியும் கையைக் கடிக்கும்.

சிவகாசி லாரி

பருப்பு வியாபாரிக்கு நஷ்டம் பணத்தோடு போகும். சிவகாசிச் சாலையில் கணக்கு வேறு.

தீபாவளிக்கு முன்பு பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வரிசையாக லாரிகள் கிளம்புகின்றன. விடியற்காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் வருகின்றன. சமையல் முடித்து, தூக்குச் சட்டியோடு ஏறுகிற தாய்மார்கள் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெடிபொருள் ஏற்றுகிற லாரியின் புகைக் குழாயில் தீப்பொறி தடுப்புக் கருவி இருக்கவேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. புகையோடு வருகிற நெருப்புப் பொறியை அது உள்ளேயே பிடித்து அணைத்துவிடும். புகைக் குழாய்க்கும் எண்ணெய்க் குழாய்க்கும் நடுவே 35 மில்லி மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது எல்லா வண்டிக்கும் விதி. மூன்று விரல் அகலம்கூட இல்லை. அந்த இடைவெளியில்தான் சரக்கும் உயிரும் இருக்கின்றன.

எப்.சி.க்குப் போகும்போது இரவல் டயர் மாட்டிக்கொண்டு போய், வந்ததும் கழற்றிக் கொடுத்துவிடுகிற தந்திரம் லாரி பேட்டைகளில் பழைய கதை. சர்டிபிகேட்டில் இருக்கிற தேதி அன்று வண்டி நன்றாக இருந்தது. மறுநாள்?

நம் நாட்டிலும் இப்போது 'எம்-பரிவாகன்' என்ற செல்போன் செயலியில் நம்பரைத் தட்டினால், எப்.சி.யும் இன்சூரன்சும் என்றைக்கு முடிகின்றன என்று தெரிகிறது. எதில் தோற்றது, என்ன பழுது என்பது அதில் இல்லை. அதுவும் வந்துவிட்டால் வேனில் ஏறுகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

விடிந்ததும் போங்கள்

சரி, நம் வியாபாரி என்ன செய்வது?

வண்டி பார்க்க மாலையில் போகக்கூடாது. அதற்குள் விற்கிறவர் என்ஜினைச் சூடாக்கி, வண்டியை நிமிர்த்தி வைத்திருப்பார். முதல் நாளே சொல்லி, இரவெல்லாம் ஓடாமல் நிற்கச் செய்யவேண்டும். விடிந்ததும் போய், சாவி போடும் முன்பு நான்கு மூலையையும் பார்க்கவேண்டும். சக்கரத்துக்கும் மேலே உள்ள வளைவுக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி? நான்கு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா?

ஒரு மூலை படுத்திருந்தால், "தரை பள்ளம், அண்ணாச்சி" என்பார் விற்கிறவர்.

"அப்படியானால் இன்றிரவு சமதரையில் நிறுத்துங்கள். நாளைக்கும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வரவேண்டியதுதான்.