காற்று மட்டுமா காரணம்?

நாடுகளின் விதியைப் போர்க்களங்களே முடிவு செய்கின்றன என்று நாம் எண்ணுகிறோம். போரே நடவாமல் முடிந்துபோன விடுதலை முயற்சியும் வரலாற்றில் உண்டு. 1796 டிசம்பரில் அயர்லாந்துக்கு உதவப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்படை கரையைக் கண்டது. ஆனால் படையை இறக்காமலே திரும்பியது. "காற்று கெடுத்துவிட்டது" என்பார்கள். இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில், இதில் காற்றின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

டோனின் கனவு

அந்நாளில் அயர்லாந்து இங்கிலாந்தின் பிடியில் இருந்தது. டப்ளினில் ஒரு நாடாளுமன்றம் இருந்தபோதிலும், மக்களில் பெரும்பான்மையினரான கத்தோலிக்கர் அதில் உறுப்பினராக முடியாது. சமய வேற்றுமையை மறந்து மக்களை ஒன்றுசேர்க்க 1791-இல் பெல்பாஸ்ட் நகரில் 'ஐக்கிய ஐரிஷ் மக்கள் சங்கம்' தோன்றியது. அதன் நிறுவனர்களுள் ஒருவர் வுல்ப் டோன். அவர் புராட்டஸ்டன்ட் சமயத்தைச் சேர்ந்த வழக்கறிஞர்.

1796-இல் டோன் பாரிசுக்குச் சென்று பிரெஞ்சுக் குடியரசின் உதவியை நாடினார். அவருக்குச் செவிசாய்த்தவர்களுள் லசார் கார்னோ முக்கியமானவர். நாம் வகுப்பில் படிக்கும் 'கார்னோ எஞ்சி'னைச் சிந்தித்த சாடி கார்னோ இவருடைய மகன்தான். அதே 1796-இல் பிறந்தவர்!

புறப்பாடும் பிரிவும்

தளபதி ஓஷ் தலைமையில் ஏறத்தாழ 15,000 வீரர்களுடன், நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் டிசம்பர் நடுவில் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பின. டோனும் பிரெஞ்சு அதிகாரியாக ஒரு கப்பலில் இருந்தார். இருள் சூழும் நேரத்தில் கடற்படைத் தலைவர் செல்லும் வழியை மாற்றினார். அவர் தந்த சைகைகள் பலருக்கு விளங்கவில்லை. வேவு பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கப்பல் தலைவர் பெல்லூ, வாணங்களை விட்டும் பீரங்கிகளை முழக்கியும் குழப்பத்தைப் பெருக்கினார். ஒரு பெரிய கப்பல் பாறையில் மோதி மூழ்கியது.

இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. தரைப்படைத் தளபதி ஓஷும் கடற்படைத் தலைவரும் ஒரே கப்பலில் இருந்தார்கள். அந்தக் கப்பல் மற்றவற்றினின்று பிரிந்துபோயிற்று! உடலிருந்தும் தலையில்லாத நிலை.

எதிர்க்காற்றின் கணக்கு

டிசம்பர் 21-இல் எஞ்சிய கப்பல்கள் பான்ட்ரி விரிகுடாவை அடைந்தன. தென்மேற்கே வாய் திறந்து, வடகிழக்கே ஏறத்தாழ 35 கி.மீ. உள்ளே நீளும் ஒடுங்கிய விரிகுடா அது. காற்றோ கிழக்கிலிருந்து, உள்ளிருந்து வெளியே தள்ளுவதுபோல் வீசியது. அக்காலப் போர்க்கப்பல் காற்றுக்கு நேர் எதிரே செல்ல இயலாது. ஏறத்தாழ 65 பாகை விலகியே செல்லும். எனவே இடமும் வலமுமாக மாறி மாறிச் செல்ல வேண்டும். திசையன் பாடப்படி கணக்கிட்டால், 10 கி.மீ. ஓடினால் முன்னேற்றம் 4 கி.மீ. அளவே. அலையும் பக்கச் சறுக்கலும் அதையும் விழுங்கிவிடும்.

ஏறத்தாழ பதினைந்து கப்பல்களே உள்ளே நுழைந்தன. அவற்றில் சுமார் 6,500 வீரர் இருந்தனர். இரண்டாம் தளபதி குரூஷி 24-ஆம் நாள் படையை இறக்க முடிவு செய்தார். மறுநாள் புயல் முற்றியது. அவர் இருந்த கப்பல் நங்கூரக் கயிற்றை அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. கடற்படையின் இரண்டாம் தலைவரும் அதே கப்பலில்தான் இருந்தார்! மற்றவை சில நாள் காத்திருந்து திரும்பின. டிசம்பர் இறுதியில் ஓஷ் அயர்லாந்தை நெருங்கியபோது அங்கே படை இல்லை.

விளைவு

ஆங்கிலேயரின் பெருங்கடற்படையும் அவர்களைத் தடுக்கவில்லை. அதையும் காற்று முடக்கியிருந்தது. காற்று இரு தரப்பையும் தொல்லைப்படுத்தியது என்பதே உண்மை. ஆனால் தலைவர் இல்லாவிடில் என்ன செய்வது என்ற ஏற்பாடு சரிவர இல்லாதது காற்றின் குற்றமன்று. மேலும், சங்கம் வலுப்பெற்றிருந்தது வடக்கிலும் டப்ளினிலும். படை வந்ததோ தென்மேற்கு மூலைக்கு. அங்கிருந்த உழவர்களுக்கு முன்னறிவிப்பே இல்லை. அவர்களில் பலர் அரசுப் படைகளுக்கே உணவளித்து உதவினர். யாருக்காகக் கப்பல்கள் வந்தனவோ, அவர்களுக்கே அது தெரியவில்லை!

தப்பிய அரசு விழித்துக்கொண்டது. 1797-இல் கடும் அடக்குமுறை தொடங்கியது. 1798-இல் மக்கள் கிளர்ந்தபோது பல்லாயிரவர் மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் வந்திறங்கிய பிரெஞ்சு வீரர் ஆயிரத்துச் சொச்சமே. மீண்டும் வந்த டோன் பிடிபட்டு, நவம்பரில் சிறையில் உயிர் நீத்தார். 1801-இல் அயர்லாந்தின் நாடாளுமன்றமே மறைந்தது.

அந்தப் படையெடுப்பில் மூழ்கிய 'சர்வேயான்ட்' என்ற கப்பல் 1981-இல் பான்ட்ரி விரிகுடாவின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டது. காற்றை யாராலும் கட்டளையிட முடியாது. ஆனால் பொறுப்பையெல்லாம் ஒரே கப்பலில் ஏற்றாமலிருப்பதும், யாருக்காக உழைக்கிறோமோ அந்த மக்களை முதலில் துணைகொள்வதும் மனிதர் கையில் இருப்பவை. இயற்கையைப் பழிக்கும் முன் இவ்விரண்டையும் செய்தோமா என்று கேட்டுக்கொள்வது, எந்தப் பொதுப்பணியில் இறங்குவோருக்கும் நன்று.