குழந்தையின் கைக்கு ஒரு காமிரா

(இளம் அறிவியல் – இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

பரிசு என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவன பேனாவும் கைக்கடிகாரமும். பேனா எழுதத் தூண்டுகிறது. கடிகாரம் நேரத்தை மதிக்கச் சொல்கிறது. அந்த வரிசையில் மூன்றாவதாக வைக்கத்தக்க பொருள் காமிரா. அது உற்றுப் பார்க்கப் பழக்குகிறது. ஆனால் காமிரா பணக்காரர் வீட்டுப் பொருள் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப் போயிருக்கிறது. குறைந்த செலவில் ஒரு குழந்தைக்கு நல்ல டிஜிட்டல் காமிரா வாங்க முடியுமா? பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்களை நம்பலாமா? இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் அறிந்தவற்றை இங்கே கூற விழைகிறேன்.

ஒரு டாலர் காமிரா

குழந்தைகளுக்கென்று மலிவான காமிரா செய்யும் எண்ணம் புதியதன்று. 1900ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் ‘பிரௌனி’ என்ற அட்டைப் பெட்டிக் காமிராவை ஒரு டாலர் விலையில் சிறுவர்களை மனத்திற்கொண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1916இல் 14 வயதுச் சிறுவன் ஒருவன் யோசெமிட்டி பள்ளத்தாக்கிற்குப் பெற்றோருடன் சென்றபோது அவன் கைக்குக் கிடைத்தது ஒரு பிரௌனிதான். அச்சிறுவனே பின்னாளில் இயற்கைக் காட்சிப் புகைப்படங்களால் உலகப் புகழ் பெற்ற ஆன்சல் ஆடம்ஸ். நம் நாட்டு நடுத்தர வீடுகளில் இத்தகைய இடத்தைப் பெற்றிருந்தது ‘ஆக்பா கிளிக் III’. அதில் ஒரு சுருளுக்குப் 12 படங்கள்தாம். அதனால் ஒவ்வொரு படத்தையும் யோசித்தே எடுத்தார்கள்.

சுருளே இல்லாத காமிராவை 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. படத்தில் இருந்த புள்ளிகள் வெறும் பத்தாயிரம். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின! இன்று சட்டைப் பையில் அடங்கும் காமிராக்களுக்கு அதுவே மூதாதை.

மெகாபிக்சல் மாயை

டிஜிட்டல் காமிராவில் சுருளுக்குப் பதிலாக இருப்பது ‘சென்சார்’ என்னும் சிலிக்கன் தகடு. அதன் மேல் விழும் ஒளி எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. எந்தப் புள்ளியில் எத்தனை எலெக்ட்ரான்கள் சேர்ந்தன என்று கணக்கிட்டால் அதுவே படம். அப்புள்ளிகள் பத்து லட்சம் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல்.

புள்ளிகள் மிகுந்தால் படம் சிறக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 1200 × 1800, அதாவது சுமார் 22 லட்சம் புள்ளிகள் போதும். ஏ4 தாள் அளவிற்குக்கூட 90 லட்சம் புள்ளிகளைத் தாண்டாது. ஆக, 10 மெகாபிக்சல் இருந்தால் ஒரு குழந்தையின் தேவைக்கு மிஞ்சியே நிற்கும்.

அதற்கு மேல் எண்ணிக்கை கூடும்போது என்ன நடக்கிறது? சிறிய காமிராக்கள் பலவற்றில் சென்சாரின் அகலம் ஆறு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வீட்டு முற்றத்தில் மழைநீர் பிடிக்கப் பத்துக் குடங்களை வைக்கும் இடத்தில் நூறு டம்ளர்களை நெருக்கி வைத்தால், விழும் மழை கூடிவிடுமா? ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். அவ்வாறே ஒளி குறைந்த அறையில் எடுத்த படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றுகின்றன.

இதைவிட மோசமான வித்தை ஒன்றும் உண்டு. சில மலிவுக் காமிராக்களில் சென்சாரில் இருப்பன குறைவான புள்ளிகளே; உள்ளிருக்கும் கணிப்பொறி இடையிடையே புள்ளிகளைத் தானே இட்டு நிரப்பிவிடுகிறது. ஒரு கடையில் ‘48 மெகாபிக்சல்’ என்று பெட்டியில் அச்சிட்ட காமிராவால் செய்தித்தாள் ஒன்றைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். படம் பெரிதானது, எழுத்துகள் மட்டும் தெளியவில்லை. வாங்குமுன் யாரும் செய்யக்கூடிய எளிய சோதனை இது.

‘ஜூம்’ என்பதிலும் இரு வகை உண்டு. லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து தொலைவில் உள்ளதைப் பெரிதாக்குவது ஒன்று. அதுவே உண்மையானது. மற்றொன்று படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவது. 16 மெகாபிக்சல் காமிராவில் இந்த இரண்டாம் வகையில் நான்கு மடங்கு பெரிதாக்கினால் எஞ்சுவது ஒரே ஒரு மெகாபிக்சல்தான்.

யாருக்கு வாங்குகிறோம்?

காமிராவைப் பார்க்குமுன் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஐந்து வயதுக் குழந்தைக்கு ரப்பர் உறையிட்ட விளையாட்டுக் காமிராவே போதும். கீழே விழுந்தாலும் கவலையில்லை. பத்து வயதைக் கடந்த பிள்ளைக்கு அது இரண்டு நாளில் சலித்துவிடும்.

என் தங்கை அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். தோட்டத்துப் பூச்சிகளை நோட்டில் வரைந்து வைப்பது அவள் வழக்கம். வரைந்து முடிப்பதற்குள் பூச்சி பறந்துவிடும் என்பதே அவளுடைய ஓயாத குறை. வீட்டிலுள்ள ஒரே நல்ல செல்போன் காலையில் அப்பாவுடன் வேலைக்குப் போனால் இரவில்தான் திரும்பும். மாலை நேரத்தில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து நான் சேர்த்திருந்தது நாலாயிரம் ரூபாய். தவறான பொருளை வாங்கினால் மறுமுறை வாங்க வழியில்லை.

பூச்சியைப் படம் எடுக்க அருகில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும் லென்ஸ் தேவை. விளையாட்டுக் காமிராக்களில் லென்ஸ் பெரும்பாலும் அசையாதது. கைக்கெட்டும் தூரத்திற்குள் வந்தால் படம் மங்கிவிடும். அந்த விலைக்குள் புதிதாக வேறு எதுவும் அமையாததால் பழைய காமிராக்களின் பக்கம் திரும்பினேன். 2010இல் ஜப்பானியக் காமிராத் தொழிற்சங்கக் கணக்கின்படி உலகெங்கும் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. செல்போன் வந்ததும் பீரோவில் முடங்கிய நல்ல காமிராக்கள் பல இன்றும் இருக்கின்றன.

பழையதை வாங்கும்போது

பழைய காமிராவை வாங்குவோர் சிலவற்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

முதலாவது, லென்ஸ் தடையின்றி வெளியே வந்து உள்ளே போக வேண்டும். டார்ச் ஒளியில் உட்புறம் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக் காற்றில் எளிதில் பிடிப்பது. அதை வாங்கக் கூடாது.

இரண்டாவது, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுக்க வேண்டும். கரும்புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி. லென்ஸைக் கையால் மூடி மற்றொரு படம் எடுத்தால், கெட்டுப்போன புள்ளிகள் நட்சத்திரம் போல் மின்னிக் காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, பாட்டரி. சாதாரண பென்டார்ச் செல் போடும் காமிரா கிராமத்துப் பெட்டிக் கடையை நம்பியும் வாழும். தனி வகைப் பாட்டரியானால், அது இன்றும் கிடைக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். செல் வைக்கும் அறையில் பச்சைக் களிம்பு இருக்கலாகாது.

நான்காவது, நினைவு அட்டை. எஸ்.டி. அட்டை எங்கும் கிடைக்கிறது. எக்ஸ்.டி. என்ற பழைய வகை இப்போது தயாராவதில்லை. 2006க்கு முந்தைய காமிராக்களில் பல, 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டையை ஏற்பதில்லை.

இவ்வாறெல்லாம் பார்த்து, 12 மெகாபிக்சல் கொண்ட, பென்டார்ச் செல்லில் இயங்கும், மூன்று சென்டிமீட்டர் அருகில் சென்று படம் எடுக்கும் பழைய காமிரா ஒன்றை மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன். மீதிப் பணத்தில் அட்டையும், திரும்பத் திரும்ப மின்னேற்றம் செய்யும் நான்கு செல்களும் வந்தன.

சில வாரங்களில் தங்கை ஒரு படத்தைக் காட்டினாள். மாமரத்து இலைகளை முசுறு எறும்புகள் சேர்த்துக் கட்டும் காட்சி. “அண்ணா, இந்த எறும்பு வாயில் வெள்ளையா என்னமோ வெச்சிருக்கே, அது என்ன?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் நம் கல்லூரி விலங்கியல் பேராசிரியரிடம் படத்தைக் காட்டினேன். அது எறும்பின் இளம்புழு என்றும், அதன் வாயிலிருந்து வரும் பட்டு நூலே இலைகளை ஒட்டுகிறது என்றும் விளக்கினார். அந்த மாமரத்தின் கீழேதான் நான் வளர்ந்தேன்; ஒரு நாளும் நான் அதைக் கண்டதில்லை.

எனவே நண்பர்களே, தம்பி தங்கையருக்குக் காமிரா வாங்க எண்ணினால் பெட்டியின் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அக்குழந்தை எதை ஆசையோடு பார்க்கிறது என்று முதலில் கவனியுங்கள். அதற்கேற்ற லென்ஸைத் தேடுங்கள். வாங்கிக் கொடுத்த பின், “படம் நன்றாக வந்ததா?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், “இன்று என்ன பார்த்தாய்?” என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் செலவு ஏதுமில்லை.