உறுப்பு நரம்புக்குத் தரும் பதில்

நம் சித்தத்தைக் கேளாமலே இருதயத்தைத் துடிக்கவும், இரத்தக் குழாய்களைச் சுருங்கவும், குடலை அசையவும் செய்கிற தன்னியக்க நரம்பு மண்டலத்தைப் பற்றி வெகுகாலம் நிலவிவந்த அபிப்பிராயம், நரம்பு கட்டளையிடும், உறுப்பு கீழ்ப்படியும் என்பதேயாம். கீழ்ப்படிகிற உறுப்பும் தன் பங்குக்கு ஒரு ரசாயன வஸ்துவை உண்டாக்கி, கட்டளையின் உக்கிரத்தைத் தணிக்க வல்லது என்பது 1960களின் இறுதியில்தான் தெளிவாகத் தொடங்கிற்று. புரோஸ்டாகிளாண்டின் என்பது அவ்வஸ்துவின் பெயர்.

இந்தச் சரித்திரத்தில் ஒரு விநோதம் உண்டு. ஸ்டாக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சேர்ந்த உல்ஃப் ஃபான் ஆய்லர், விந்துத் திரவத்தை ஆராய்கையில், இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவதும் மென்தசைகளைச் சுருக்குவதுமான ஒரு கொழுப்பமிலப் பொருளைக் கண்டு, 1935-இல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். தன்னியக்க மண்டலத்தின் ஒரு பிரிவான பரிவு நரம்பின் நுனியிலிருந்து வெளிப்பட்டு உறுப்பை ஏவுகிற பொருள் நார்அட்ரீனலின் என்று 1946-இல் கண்டறிந்தவரும், பிற்பாடு 1970-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவரும் அவரே. ஏவுகிற பொருள், அதனை அடக்குகிற பொருள் இரண்டும் ஒரே மனிதர் கைக்கு வந்திருந்தும், அவற்றுக்கிடையே உள்ள சம்பந்தம் புலப்பட மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அதைத் துலக்கியதில் பெரும் பங்கு அதே நிலையத்தில் உழைத்த பெர் ஹெட்க்விஸ்டுக்கு உரியது.

அவர் கையாண்ட முறை எளியது. பூனையின் மண்ணீரலை நரம்போடு பிரித்தெடுத்து, இரத்தக் குழாய் வழியே உப்புத் திரவத்தைச் செலுத்தியவாறே நரம்பை மின்சாரத்தால் தூண்டினால், வெளியே வடியும் திரவத்தில் நார்அட்ரீனலின் எவ்வளவு என்று அளந்துவிடலாம். உட்செல்லும் திரவத்தில் ஈ வகைப் புரோஸ்டாகிளாண்டினைச் சிறிது கலந்தபோது, தூண்டுதல் மாறாதிருந்தும் நார்அட்ரீனலின் குறைந்தது. புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைக் கலந்தபோதோ அது பெருகிற்று. நரம்பைத் தூண்டியதும் மண்ணீரலிலிருந்தே புரோஸ்டாகிளாண்டின் வெளிவருவதை ஹார்ட்டன் முதலிய ஆங்கில ஆராய்ச்சியாளர் 1968-இல் நாயிடம் கண்டிருந்தனர். மடை திறந்தவனை நோக்கி வயலே "போதும்" என்று குரல் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது.

அக்குரல் எழும் விதம் இது: உயிரணுவின் சவ்வில் அடங்கியிருக்கும் அரக்கிடோனிக் அமிலம் ஒரு நொதியால் விடுபட, வேறொரு நொதி அதனை மாற்றிப் புரோஸ்டாகிளாண்டினின் உற்பத்தியைத் தொடங்கிவைக்கிறது. முன்கூட்டிச் சேமித்து வைக்கப்படாமல் வேண்டும்போது மட்டும் பிறக்கும் இவ்வஸ்து, அண்டையிலுள்ள நரம்பு நுனியை அடைந்து, ஈ.பி.3 எனப்படும் ஏற்பியில் பொருந்தியதும், நுனிக்குள் கால்சியம் புகுவது தளர்கிறது. கால்சியம் குறையவே, நார்அட்ரீனலினைச் சுமந்த நுண்பைகளும் குறைவாகவே திறக்கின்றன. தப்பி இரத்தத்தில் கலந்த புரோஸ்டாகிளாண்டினின் பெரும்பகுதியை நுரையீரல் ஒரே சுற்றில் அழித்துவிடுவதால், இதன் அதிகாரம் பிறந்த இடத்தைத் தாண்டுவது அரிது.

அழகான சித்தாந்தம்தான், ஆனால் அழகை நம்பி எல்லா உறுப்புகளுக்கும் அதை விஸ்தரித்துவிட முடியவில்லை. நரம்பு நுனியிலேயே ஆல்ஃபா-2 என்னும் ஏற்பிகள் இருந்து, தான் வெளியிட்ட நார்அட்ரீனலினாலேயே நரம்பு தன்னை அடக்கிக்கொள்கிறது என்பது பின்னர் தெரியவந்தது; பல இடங்களில் இதுவே முதன்மையான தடை. புரோஸ்டாகிளாண்டினின் பங்கு பிராணிக்குப் பிராணி, உறுப்புக்கு உறுப்பு வேறுபடுகிறது. சுவாசக் குழாய்களிலோ பரிவு நரம்புகளுக்கு எதிராக வேலை செய்யும் அணியைச் சேர்ந்த வேகஸ் நரம்பின் அசிட்டைல்கோலினையும் அது குறைக்கக் காண்கிறோம்.

என் மனத்தை மிகவும் கவர்வது காய்ச்சலில் நடப்பதாகும். நோய்க்கிருமி நுழைந்தபோது மூளையின் ஹைப்போதாலமஸ் பிரதேசத்தில் புரோஸ்டாகிளாண்டின் ஈ-2 பெருகி, அங்கேயும் ஈ.பி.3 ஏற்பியிலேயே சேர்கிறது. ஆனால் அங்கே அந்த ஏற்பியைத் தாங்கிய நரம்பணுக்கள், பரிவு நரம்புகளை அடக்கி வைத்திருக்கும் காவலர்கள். காவலர் தளர்ந்ததும் பரிவு நரம்புகள் கிளர்ந்து, தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்வெப்பம் வெளியேற வழியின்றி உடல் கொதிக்கிறது. நுனியில் அடக்குகிற அதே வஸ்து தலைமையிடத்தில் அவிழ்த்துவிடுகிறது! ஆஸ்பிரின் இவ்வுற்பத்தியைத் தடுக்கிறதென்று ஜான் வேன் 1971-இல் காட்டிய பிறகு, அம்மாத்திரை காய்ச்சலைத் தணிக்கும் காரணம் விளங்கிற்று. காய்ச்சல் இல்லாதவர் வழக்கமான அளவில் அதை உட்கொண்டால் உடல் வெப்பம் இறங்காததன் காரணமும் கூடவே விளங்கிற்று.