சாம்பலும் காலமும்: கொங்கிறீற்றிற் கனிமச் சேர்மானங்களின் பணி

களனியிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் 2021 நவம்பரிலே திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தைக் காண்பர்; நகரினுட் புகுந்ததும் கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை எழுந்து நிற்கும் அடுக்குமாடிகளைக் காண்பர். இவற்றையெல்லாம் தாங்கி நிற்பது கொங்கிறீற்று. தமிழ்ச் சங்க ஏடொன்றில் இதற்கு என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். மனித உழைப்பு இயற்கைப் பொருளை எவ்வாறு மாற்றுகின்றது என்பது பண்பாட்டு ஆய்வின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாதலின், இப்பொருளை ஈண்டு நோக்குதல் பொருத்தமானதே.

சீமெந்து, மணல், கல், நீர் ஆகியவற்றின் கலவையே கொங்கிறீற்று. நீரின் அளவு சீமெந்தின் அளவுக்கு எவ்விகிதத்தில் உள்ளதோ அதுவே வலிமையைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது என்பதனை 1918இல் டஃப் ஏப்ரம்ஸ் எடுத்துக்காட்டினார். நீர் கூடினாற் கலவை இளகி இலகுவாக ஓடும். ஆயின் மிகை நீர் ஆவியாகி விட்டுச்செல்லும் நுண்துளைகள் வலிமையைக் குறைக்கும். ஓட்டத்துக்கும் வலிமைக்கும் இடையிலான இம்முரண்பாடே கொங்கிறீற்றுத் தொழில்நுட்பத்தின் மையச் சிக்கல். நீர் விகிதம் பொதுவாக 0.4இற்குக் குறைவாகவுள்ள உயர்செயற்றிறன் கொங்கிறீற்று, நீர்க்குறைப்பு இரசாயனங்களையும் கனிமச் சேர்மானங்களையும் துணைக்கொண்டு இம்முரண்பாட்டைத் தீர்க்க முயல்கின்றது.

சேர்மானங்கள் செய்வது யாது? சீமெந்து நீருடன் சேரும்போது வலிமை தரும் கல்சியம் சிலிக்கேற்றுக் கூழ் உண்டாகின்றது. அதனுடன் வலிமைக்கு அதிகம் உதவாத சுண்ணாம்பும், அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டும், தோன்றுகின்றது. இறுகிய சீமெந்தின் திண்மப் பகுதியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இச்சுண்ணாம்பே. சிலிக்கா மிகுந்த நுண்ணிய சாம்பல் இதனுடன் வினைபுரிந்து மேலும் கூழை உண்டாக்குகின்றது. இவ்வறிவு புதிதன்று. உரோமர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பிற் கலந்தனர். 1895இல் நிறைவெய்திய முல்லைப் பெரியாறு அணையும் சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியும் சேர்ந்த சாந்தினாற் கட்டப்பட்டதே.

எனினும் எல்லாச் சேர்மானங்களும் ஒரே தன்மையன அல்ல. அனல்மின் நிலையங்களிற் கிடைக்கும் நிலக்கரிச் சாம்பலின் துகள்கள் பெரும்பாலும் உருண்டை வடிவின. அவை ஒன்றன்மீதொன்று உருண்டு கலவையின் ஓட்டத்தைக் கூட்டுகின்றன. எரியாத கரி மிகுந்திருப்பின் இப்பயன் குறையும். சிலிக்கன் உலோகத் தொழிலின் கழிவான சிலிக்காப் புகைத்தூள் சீமெந்துத் துகளினும் ஏறத்தாழ நூறு மடங்கு நுண்ணியது. அது துகள்களுக்கு இடையிலும், கல்லும் சாந்தும் சந்திக்கும் பலவீனமான எல்லையிலும் புகுந்து நிரப்பி வலிமையைப் பெரிதும் உயர்த்துகின்றது. ஆயின் அதன் பரந்த மேற்பரப்பு நீரைப் பற்றிக்கொள்வதால் ஓட்டம் குன்றுகின்றது. நமது நாட்டில் மலிந்து கிடைக்கும் உமியின் சாம்பலும் நுண்துளை மிக்கதாதலின் நீரை உறிஞ்சும். மட்டான வெப்பத்தில் எரித்து அரைத்தாலன்றி அது சிறந்த சேர்மானம் ஆகாது. மிகை வெப்பத்தில் அதன் சிலிக்கா பளிங்குருப் பெற்று வினைத்திறனை இழக்கும்.

இவ்விடத்துக் காலம் என்னும் கூறு முக்கியம் பெறுகின்றது. நிலக்கரிச் சாம்பல் மெதுவாகவே வினைபுரியும். முதல் நாட்களில் அக்கொங்கிறீற்று சாதாரண கொங்கிறீற்றினும் வலிமை குன்றியிருக்கும். ஈரம் காக்கப்படின் 90 நாட்களளவில் அதனை எட்டும், பல வேளை மிஞ்சும். சிலிக்காப் புகைத்தூள் சேர்ந்த கலவையோ மேற்பரப்பில் நீர் கசியாது விரைந்து உலர்ந்து வெடிக்கும் இயல்பினது. வார்த்தவுடனேயே ஈரம் காத்தல் வேண்டும். அச்சுப்பலகையை விரைந்து கழற்றி அடுத்த மாடியை எழுப்ப முனையும் இலாப வேட்கை இக்காலத்தை அனுமதிப்பதில்லை. சேர்மானம் வஞ்சித்தது என அப்போது கூறுவர். உண்மையில் வஞ்சிக்கப்பட்டது காலமே.

ஓட்டத்துக்கும் உழைப்பு வரலாறு உண்டு. அதிர்வூட்டாமலே தன் எடையால் ஓடி நிரம்பும் கொங்கிறீற்றினை 1986இல் யப்பானிய அறிஞர் ஒகமுரா முன்மொழிந்தார். 1988இல் அதன் முதல் மாதிரி உருவாகியது. தேர்ந்த தொழிலாளர் அருகியமையாற் கட்டடங்களின் தரம் குன்றியதே அம்முயற்சிக்குக் காரணம். தொழிலாளியின் கைத்திறன் துகளின் நுண்மைக்குள் இடம்பெயர்ந்தது எனலாம்.

நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கி 2014இல் 900 மெகாவாற்றாக விரிந்த அனல்மின் நிலையத்தின் சாம்பல் இன்று கலப்புச் சீமெந்துக்குப் பயன்படுகின்றது. அதே நிலையத்தின் தூசு குறித்து அயலூர் மக்கள் முறையிட்டும் வந்துள்ளனர். ஒரே சாம்பல் ஓரிடத்தில் வலிமை, மற்றோரிடத்தில் இடர். அது எதுவாகும் என்பதை அதன் இரசாயனம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைச் சேகரித்து, சோதித்து, உரிய காலம் அளித்துப் பயன்படுத்தும் சமூக ஒழுங்கும் தீர்மானிக்கின்றது என்பதே எமது துணிபு.