தழும்புள்ள கருப்பையும் அடுத்த பேறும்

ஒரு பேறு இடருற்று முடிந்த பின்னர், அடுத்த பேற்றை எவ்வழியில் எதிர்கொள்வது என்னும் வினா குடும்பம் முழுவதையும் கலங்கச் செய்வதுண்டு. மலைநாட்டில் இவ்வினா இன்னும் கூர்மையானது. கண்டியிலே தேசிய வைத்தியசாலையும், அடுத்துள்ள பேராதனையிலே போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. ஆயின், கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அவற்றை அடைய, வளைந்து இறங்கும் மலைப்பாதையைக் கடந்தாக வேண்டும். அடைமழையில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் புதிதன்று. ஆகவே, எவ்வாறு பெறுவது என்பதும் எங்கே பெறுவது என்பதும் இங்கு ஒரே வினாவின் இரு பக்கங்களாகும்.

"ஒருமுறை வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தால், பிறகு எப்போதும் அப்படித்தான்" என்று பலரும் சொல்வர். இக்கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1916ஆம் ஆண்டில் நியூயோர்க் நகர மருத்துவர் எட்வின் கிராகின் இதனை எழுதினார். அவருடைய நோக்கமோ, தேவையின்றி முதற் சத்திரசிகிச்சையைச் செய்துவிடாதீர் என எச்சரிப்பதே. அக்காலத்தில் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காக வெட்டினர். பிரசவ வேதனையின்போது வலிமையாகச் சுருங்கும் தசை அதுவாதலால், அவ்விடத்துத் தழும்பு பிளந்துவிடும் அபாயம் மிகுதி. பின்னர், கிளாஸ்கோ நகரத்து மன்றோ கெர் முதலானோர் 1920களில் கருப்பையின் கீழ்ப்பகுதியைக் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினர். இத்தழும்பு உறுதி மிக்கது. எனவே பழைய விதி தளர்ந்தது. இத்தகைய தாய்மாருட் பலர் இயல்பாகப் பெற முயலலாம் என 1980இல் அமெரிக்காவில் கூடிய நிபுணர் மாநாடும் ஏற்றுக்கொண்டது.

இங்கே கருத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. வயிற்றின் தோலிலே தெரியும் தழும்பு, உள்ளே கருப்பையில் உள்ள தழும்பின் போக்கைக் காட்டாது. வெளியே குறுக்காக இருப்பது உள்ளே நெடுக்காக இருத்தல் கூடும். அதனை அறிவிப்பது வைத்தியசாலையில் எழுதப்பட்ட குறிப்பே. வீடு திரும்பும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டையைப் பிறப்புச் சான்றிதழைப் போலவே பேணிவைத்தல் வேண்டும்.

அடுத்து ஆராயத்தக்கது, முதற் சத்திரசிகிச்சை ஏன் நிகழ்ந்தது என்பது. இரு தாய்மாரை எண்ணிப் பார்க்கலாம். ஒருத்திக்கு முதற் பிள்ளை தலைகீழாகத் திரும்பாது கால்மாறிக் கிடந்தது. அக்காரணம் இம்முறை இல்லையாயின், இயல்பான பேறு கைகூடும் வாய்ப்பு நன்று. மற்றொருத்திக்கு நெடுநேரம் வேதனைப்பட்டும் பிள்ளை இறங்கவில்லை. அத்தடை மீண்டும் நேரலாமாதலால் அவளுக்கு வாய்ப்புச் சற்றுக் குறைவு. முன்னரே ஒருமுறை இயல்பாகப் பெற்றவளுக்கோ வாய்ப்பு மிக அதிகம்.

கீழ்ப்பகுதியிற் குறுக்குத் தழும்பு ஒன்று மட்டுமுள்ள தாய்மார் முயன்றால், நூற்றுக்கு 72 முதல் 75 பேர் வரை இயல்பாகப் பெறுகின்றனர். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத் தழும்பு பிளக்கிறது. எண் சிறிதெனினும், நேர்ந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. இரு பேறுகளுக்கிடையே ஒன்றரை ஆண்டுக்குக் குறைவான காலமே கழிந்திருப்பின் இவ்வபாயம் கூடும்.

மறுபுறத்தில், நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சை வேதனைக்கால இடர்களைத் தவிர்க்கிறது. பிள்ளையின் சுவாசம் செம்மையுற வேண்டி, வேறு காரணம் இல்லாதவிடத்து அதனை 39 வாரங்களின் பின்னரே செய்வர். ஆயினும், ஒவ்வொரு சத்திரசிகிச்சையும் அடுத்த கர்ப்பத்திற்கு ஒரு சுமையை வைத்துச் செல்கிறது. நஞ்சு கீழிறங்கிப் பழைய தழும்பிலே ஊன்றிவிடின், பேற்றின்போது குருதிப்பெருக்கைத் தடுப்பது அரிது. மேலும் பல பிள்ளைகளை விரும்பும் குடும்பம் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மேற்பகுதியில் நெடுக்குத் தழும்புள்ளவர், முன்பு கருப்பை பிளந்தவர், நஞ்சு கருப்பை வாயை மூடியிருப்பவர் ஆகியோருக்குச் சத்திரசிகிச்சையே தக்க வழி. ஏனையோர் இயல்பாகப் பெற முயலின், சத்திரசிகிச்சைக் கூடமும் குருதியும் நிபுணரும் எந்நேரமும் ஆயத்தமாயுள்ள வைத்தியசாலையிலே முயலவேண்டும். வேதனை விட்டுவிட்டு வராமல் தழும்பருகே ஓயாது வலித்தல், குருதி கசிதல், பிள்ளையின் இதயத்துடிப்புத் தளர்தல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். அவற்றைக் கண்டறியத் தொடர்ந்த கண்காணிப்பு வேண்டும். மலைப்பாதையில் ஓடும் வண்டியில் இது இயலாது. ஆதலால் தொலைவிலுள்ளவர், வேதனை தொடங்கும்வரை காத்திராமல், வைத்தியர் குறிக்கும் நாளிலேயே சென்று தங்குதல் நலம்.

1930களில் இலங்கையில் ஓரிலட்சம் பேறுகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். 2010களில் அத்தொகை ஏறத்தாழ 30 முதல் 40 வரையாகச் சுருங்கியது. வீடு தேடி வரும் குடும்பநல மாதும், கட்டணமின்றிக் கிடைக்கும் வைத்தியசாலையும் இம்மாற்றத்திற்குப் பெரிதும் துணைநின்றன. கருவுற்றதை அறிந்தவுடன் பழைய அட்டையைக் குடும்பநல மாதிடம் காட்டி, நிபுணரிடம் வழிகாட்டல் பெறுதல் முதற் கடமை. மாமியார், கணவர், அயலார் ஆகியோரின் சொல்லுக்கு மதிப்புண்டு. எனினும், நோவையும் தழும்பையும் சுமப்பவள் தாய். உண்மைகளை முழுதும் அறிந்து அவள் சொல்லும் சொல்லே இறுதிச் சொல்லாதல் வேண்டும்.